ஏற்காட்டுச் சரிவில் வரிசை பிடிப்பதும் தளம் பார்ப்பதும்

இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரு கோட்டில்தான் இருக்கும், சிக்கல் மூன்றாவதில். காப்பிக் கன்றுக்குக் குழி குறிக்கும்போது முதல் குச்சிக்கு நாலடி பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். அது மற்றவற்றை முழுதாக மறைக்க வேண்டும். குச்சி சாய்ந்திருந்தால் தலை நேராகத் தெரியும், அடி விலகியிருக்கும். தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்திவிட்டே பாருங்கள்.

மலையில் ஒரு நுணுக்கம். மேடுபள்ளத்தில் ஊன்றிய குச்சிகளின் அடிகள் ஒருகோடமைந்தவை (ஒரே நேர்கோட்டில் இருப்பவை) அல்ல, ஒரே செங்குத்துத் தளத்தில், அதாவது நிமிர்ந்த சுவர் போன்ற ஒரே தட்டைப் பரப்பில், அமைந்தவை. வரிசைக்கு அதுவே போதும். ஆனால் டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும்: 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்த 6 அடி, உண்மையில் சுமார் 5.2 அடிதான்.

தாளில் வேலை சுலபம். (1,2), (3,6), (5,10) என்ற மூன்று புள்ளிகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே சாய்வு (ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தது) இரண்டு முறையும் 2, ஆகவே ஒரே கோடு.

காப்பி உலர்த்தும் களத்தின் மூலைகளில் அடிக்கும் முளைகளில் (ஆப்புகளில்) மூன்றின் தலைகள் எப்படியும் ஒரே தளத்தில் அமையும். நான்காவதைச் சோதிக்க, எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் தளம் பிசகு. தொட்டாலும் உடனே நம்பாதீர்கள். கீழ்நூல் மேல்நூலைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். மேல்கீழ் மாற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். ஒரே தளம் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. மழைநீர் வடியக் களம் ஒருபக்கம் சரிந்தே இருக்கட்டும்.