காலநிலைத் தரவைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானிலை வேறு, காலநிலை வேறு. ஓசோன் ஓட்டை வேறு, புவி வெப்பமாதல் வேறு. இவற்றைப் பாடநூல்களே சொல்லிவிடுவதால் இங்கே விட்டுவிடுகிறேன். புதிதாகத் தரவைக் கையிலெடுப்பவர்களின் வரைவுகளைத் திருத்தும்போது மீண்டும் மீண்டும் எதிர்ப்படுபவை வேறு வகைப் பிழைகள். எங்கள் தலைமுறையும் இதே இடங்களில்தான் இடறியது.

அடிப்படைக் காலத்தைப் பார்க்காமல் எண்ணை எடுப்பது

2024ஆம் ஆண்டில் உலகச் சராசரி வெப்பநிலை எவ்வளவு கூடியிருந்தது என்று கேட்டால், நாசா 1.28 டிகிரி செல்சியஸ் என்கிறது. ஐரோப்பாவின் கோபர்னிகஸ் சேவையோ 0.72 என்றும் 1.60 என்றும் இரண்டு எண்களைத் தருகிறது. மூன்றும் சரியானவையே; ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படைக் காலம்தான் வேறு. நாசா 1951–1980 சராசரியிலிருந்து அளக்கிறது, 0.72 என்பது 1991–2020 சராசரியிலிருந்தும், 1.60 என்பது தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையாகக் கொள்ளப்படும் 1850–1900 சராசரியிலிருந்தும் கணக்கிடப்பட்டவை.

என்னிடம் வந்த ஓர் ஆய்வறிக்கை வரைவில், 1999 வரை நாசாவின் வெப்பநிலைத் தொடரும் 2000 முதல் கோபர்னிகஸின் 1991–2020 அடிப்படையிலான தொடரும் ஒரே கோடாக ஒட்டப்பட்டிருந்தன. இரண்டு அடிப்படைகளுக்கும் இடையே அரை டிகிரிக்குக் குறையாத இடைவெளி இருப்பதால், கோடு 2000இல் செங்குத்தாக விழுந்து, பிறகு ஏறத் தொடங்கியது. அந்த வீழ்ச்சியை ஐயுறுவதற்கு மாறாக, எழுதியவர் எரிமலைத் தூசியையும், பசிபிக் கடல் குளிரும் லா நினா நிகழ்வையும் துணைக்கழைத்துப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருந்தார். படம் தவறென்று தெரிந்ததும் அதன்மேல் எழுப்பிய அத்தியாயம் முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று. நாசாவின் உரைக்கோப்பின் தலைப்பிலேயே அடிப்படைக் காலமும், எண்கள் டிகிரியில் நூறில் ஒரு பங்கு அலகில் உள்ளன என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. தொடக்க வரிகளைத் தாண்டிச் செல்லுமாறு நிரலுக்குக் கட்டளையிட்டுவிட்டு, தாமும் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடுவதுதான் எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுகிறது.

செய்ய வேண்டியது எளிது. இரு தொடர்களுக்கும் பொதுவான ஒரு காலத்தை, எடுத்துக்காட்டாக 1991–2020ஐ, தேர்ந்து, ஒவ்வொரு தொடரிலும் அக்காலத்தின் சராசரியைக் கண்டு, அதே தொடரிலிருந்து கழித்துவிட வேண்டும். மாதத் தரவானால் சனவரிக்குச் சனவரியின் சராசரி, சூலைக்குச் சூலையின் சராசரி என்று தனித்தனியே கழிக்க வேண்டும். இவ்வாறு முழுத் தொடரையும் ஒரே அளவில் நகர்த்துவதால் நீண்டகாலப் போக்கின் சாய்வு மாறுவதில்லை.

ஓராண்டை வைத்து 1.5 டிகிரி வரம்பு தகர்ந்தது என்பது

2015ஆம் ஆண்டின் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் உள்ள 1.5 டிகிரி வரம்பு குறிப்பது பல்லாண்டுச் சராசரியை; 2024 என்ற ஓராண்டு 1.60ஐத் தொட்டதால் மட்டும் அது தகர்ந்ததாகாது.

உமிழ்வு குறைந்தால் செறிவும் குறையும் என்று எழுதுவது

2020இல் பொது முடக்கத்தால் கரியமில வாயு உமிழ்வு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தபோதும், 1958 முதல் அளவீடு நடந்துவரும் ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் பதிவான, காற்றில் அவ்வாயுவின் செறிவு கூடவே செய்தது. கடலும் தாவரங்களும் உறிஞ்சிக்கொள்வதைவிட அதிகமாக நாம் வெளியிடும் வரை, வேகம் சற்றுத் தணிந்தாலும் இருப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கார்பன் டன்னையும் கரியமில வாயு டன்னையும் கலப்பது

முன்னதை 3.67ஆல் பெருக்கினால் பின்னது.

உலகச் சராசரியை நிலப்பரப்பின் மேல் ஏற்றுவது

1850–1900 சராசரியை ஒப்பிட, 2011–2020 காலத்தில் உலகம் 1.09 டிகிரி வெப்பமடைந்தது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை கூறுகிறது. ஆனால் அதே அறிக்கையின்படி நிலப்பரப்பு 1.59 டிகிரியும் கடற்பரப்பு 0.88 டிகிரியும் வெப்பமடைந்துள்ளன. பயிரையோ வெப்ப அலையையோ பற்றி எழுதுபவர், உலகச் சராசரியை விடுத்து, தாம் ஆராயும் நிலப்பகுதிக்குரிய தொடரையே எடுத்தாள வேண்டும்.