தாத்தா காலத்து ரைஃபிள் கைக்கு வந்தால் என்ன செய்வது

மதுரைப் பக்கம் பழைய ஜமீன் வீடுகளிலும் அழகர்மலை, நத்தம் அடிவாரத் தோட்டக்காரர்கள் வீடுகளிலும் பீரோவுக்குப் பின்னால் ஒரு பழைய ரைஃபிள் சாத்தியிருக்கும். பெரியவர் காலமானதும் அது பிள்ளைகளில் ஒருவர் கைக்கு வரும். உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

முதலில் சட்டம். லைசன்ஸ் அவர் பேரில்தான் இருந்தது, உங்கள் பேரில் இல்லை. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ லைசன்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் வாரிசு என்ற முறையில் விண்ணப்பியுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் சேகரிப்பவர்கள் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். பட்டாளத்துத் தோட்டா போடக்கூடிய .303, 7.62 (எண்கள் குழல் துளையின் அளவு) ரைஃபிள்கள் தடைப் பட்டியலில் உள்ளவை, .410 மஸ்கட் துப்பாக்கியும் அப்படித்தான். நம் ஊரில் .315 அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். பார்வைக்கு, பிரிட்டிஷ் பட்டாளத்து ரைஃபிளான லீ என்ஃபீல்டின் தம்பி மாதிரி இருக்கும், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது.

கையில் எடுத்ததும் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) திறந்து, கண்ணால் பார்த்தது போதாதென்று விரலையும் விட்டுப் பாருங்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி என்றால் குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து, அதை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சி அடிவரை போகவில்லை என்றால் உள்ளே இன்னும் மருந்து இருக்கலாம். அதை வீட்டில் எடுக்க முயலாதீர்கள்.

சரி, இனி சுத்தம் செய்யலாம். லீ என்ஃபீல்டில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே கிரீடமும், அதன் கீழே ஆட்சியாளரின் முதலெழுத்தும், செய்த இடமும், வருடமும் பொறித்திருக்கும். கட்டையிலும் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். உப்புத்தாள் பட்டால் அந்தச் சரித்திரம் முழுக்கப் போய்விடும், மறுபடி கருப்பேற்றினாலும் அதே கதிதான். மரத்தில் அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஆளி விதை எண்ணெயைக் கையால் மெலிதாகத் தேய்த்து ஊறவிடுங்கள், அது போதும். துருவுக்கு எண்ணெயும் பித்தளைக் கம்பி பிரஷும் பொறுமையும்தான் மருந்து.

பட்டாளத்து எஸ்.எம்.எல்.இ. (லீ என்ஃபீல்டின் குட்டை வகை) என்றால் ஒன்று கவனியுங்கள்: குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றாமல், தோளில் வைக்கும் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியைத் திருகவே கூடாது. அந்தத் திருகாணியின் சதுர முனை முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் மாட்டியிருக்கிறது. திருகினால் நூறு வருடத்து மரம் பிளந்துவிடும். போல்ட்டில் உள்ள எண்ணும் ரைஃபிளின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு போல்ட் மாட்டியிருந்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள அளவு, தவறியிருக்கலாம். அப்படியானால் சுடும்போது தோட்டாவின் உறை கிழிந்து சூடான வாயு முகத்தில் அடிக்கலாம். இதைக் கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும், எனவே லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு ரவுண்டு கூடச் சுடாதீர்கள். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் நோக்கினால் ஒரு இருண்ட வளையம் தெரிந்தால், அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு அந்தக் குழலுக்கு ஓய்வு.

சுடுவது ரைஃபிள் கிளப் ரேஞ்சில் மட்டும். மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரி இருக்கிறதே, கண்மாய்க்கரை காலியாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாறையிலும் தண்ணீரிலும் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, நேராகப் போனாலும் கிலோமீட்டர் கணக்கில் போகும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம். டிரிகரை இழுத்து ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடம் பிடித்திருந்து பிறகு திறங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

பழைய பட்டாளத் தோட்டாக்களின் அடியில் தீப்பொறி கிளப்பும் கேப்பில் உள்ள ரசாயனம் வெடித்தபின் குழலில் ஒரு உப்பாகப் படியும். அது ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் அன்றைக்கே புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவி, புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) துணி கோத்து ஈரம் போகும்வரை இழுத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தோல் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள், ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.