பழைய டீசல் கார்: நம் கையாலேயே கெடுத்துக்கொள்ளும் இடங்கள்

நான் வாங்கியபோது என் காருக்குப் பன்னிரண்டு வயது. காவேரிப்பட்டணத்துக்கு ஓட்டிவந்து, டிக்கியில் இருந்த ஸ்பேனர் பையைக் கொட்டிப் பார்த்தேன். பழைய நாளிதழில் சுற்றிய சின்னப் பித்தளைப் பொருள் ஒன்று உருண்டு வந்தது. தெர்மோஸ்டாட். இன்ஜினுக்குள் இருக்க வேண்டியது. வண்டி சூடாகிறது என்று யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். தூக்கி எறிய மனம் வராமல் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அந்த வண்டியின் சில்லறை வேலைகளை நானே செய்துவருகிறேன். சொந்தமாகச் செய்வதில் தவறில்லை. டீசல் இன்ஜின் முறையாகப் பார்த்துக்கொண்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அது ஒரு குறையைச் சொல்லும்போது குறையைத் தேடாமல், சொல்வதை மட்டும் நிறுத்திவிடுகிறோம். அந்தத் தெர்மோஸ்டாட்டும் அப்படிக் கழற்றப்பட்டதுதான். நான் பார்த்த கேடுகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவை.

சூட்டை அடக்கும் தவறான வழிகள்

கோடை வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்தால், வண்டியின் குளிர்விக்கும் அமைப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டினால் பலர் செய்யும் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது. "வால்வை எடுத்துப் போட்டுவிடு தம்பி, சூடே ஏறாது" என்று எனக்கும் சொன்னார்கள்.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு. இன்ஜின் சுமார் 80 முதல் 90 டிகிரி வரை சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்கும், பிறகு திறக்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். டிசம்பரில் ஓசூர்ப் பக்கம் அதிகாலையில் ஓட்டினால் முள் கடைசிவரை ஏறாமலே கிடக்கும். குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது. புகை வரும், மைலேஜ் குறையும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். சில இன்ஜின்களில் இந்தக் கதவு திறக்கும்போது பக்கவாட்டுச் சுற்றுப்பாதை ஒன்றையும் சேர்த்து மூடும். அவற்றில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். ஏற்றத்தில் சூடு முன்பைவிட அதிகமாகும்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. சமையலுக்குப் பயன்படாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது அது திறக்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். இல்லையென்றால் புதியது வாங்குங்கள். நான் பையில் கிடைத்ததைச் சோதித்தேன். அது சரியாகவே திறந்து மூடியது. கெட்டிருந்தது ரேடியேட்டர்.

ரேடியேட்டர் ஏன் கெட்டது? நம் ஊர்த் தண்ணீரால். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு அல்ல. அதே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படிகிறதே, அதே ஏடு சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வெளியே பார்த்தால் தண்ணீர் நிறைந்திருக்கும், உள்ளே ஓட்டம் இருக்காது. போர்த் தண்ணீரை வழியில் ஆபத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு, கூலன்ட்டையும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் அதில் மறுபடி தண்ணீர் சேர்க்க வேண்டாம். பச்சை கூலன்ட்டின் மேல் சிவப்பை ஊற்றுவதும் தவறு. வேதிப்பொருள் ஒத்துப்போகாவிட்டால் குழம்பாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்.

கூலன்ட் வாரம் தவறாமல் குறைகிறது என்றால் நிரப்பிக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. அது எங்கோ போகிறது. ஹோஸ் முனையில் காய்ந்த கறை, வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியே ஒழுகல் இல்லையென்றால், காலையில் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நில்லாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். அதற்குமேல் நம் வேலை இல்லை, மெக்கானிக்கிடம் போங்கள். சூடான இன்ஜினில் மட்டும் அந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், திறந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது

வேறு பல தவறுகள் உயிரை எடுக்க நாளாகும். இதற்கு ஒரு நொடி போதும். ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அடியில் போவதென்றால், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு வாங்குங்கள். காருக்குச் செய்யும் எந்தச் செலவைவிடவும் அது முக்கியம். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். அது சுவர் தாங்கச் செய்த கல். ஒரு புள்ளியில் இரும்பு அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்கும் முன்சக்கரங்களுக்கு ஹேண்ட் பிரேக் இல்லை. ஆகவே எந்தப் பக்கம் தூக்கினாலும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டே படுங்கள்.

டீசல் போகும் பாதை

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போதே, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் காமன் ரெயில் இன்ஜினிலும் (எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அதையே செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார் அழுத்தம். காமன் ரெயில் குழாயில் 1,000 பாருக்கு மேல், சிலவற்றில் 1,600 பார் வரை இருக்கும். ஊசி முனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம் அது. கசிவைத் தேட விரலை நீட்டாமல் ஓர் அட்டைத் துண்டை நீட்டுங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு, அதை இன்ஜின் கணினியில் பதிய வேண்டும். கழற்றி இடம் மாற்றிப் போட்டால் இன்ஜின் உதறும்.

நாம் செய்யக்கூடியது டீசல் ஃபில்டர். அதன் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துச் சற்று நேரம் வையுங்கள். டீசல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது என் வழக்கம். காமன் ரெயில் பம்ப்புக்கு டீசலே மசகு. அதில் தண்ணீர் போனால் துரு, துருவுக்குப் பின் இரும்புத்தூள், பிறகு நாசில் நான்கும் சேர்ந்து போகும். மண்ணெண்ணெய் கலப்பதும் இதே கணக்குதான். மசகுத்தன்மை குறைந்து பம்ப் தேயும். மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு பம்ப் கடையில் கொடுக்க வேண்டியிருக்கும். அது சட்டப்படி குற்றமும்கூட.

ஃபில்டர் மாற்றியதும் ஏர் பிடித்திருக்கும். செல்ஃபை விடாமல் அடித்து அந்தக் காற்றை எடுக்க முயன்றால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து போகும். கைப்பம்ப் இருந்தால் கெட்டிப்படும்வரை அழுத்துங்கள். டேங்கில் மின்பம்ப் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் நான்கைந்து முறை போட்டு அணையுங்கள். பிறகு பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடம் விட்டு முயலுங்கள்.

குளிர்காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் காற்றுக் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இன்னொரு ஆபத்து. ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பழுத்துச் சிவந்திருக்கும்போது, ஸ்பிரேயில் உள்ள ஈதர் உள்ளே போனால் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையலாம். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். அப்படியும் எடுக்கவில்லையென்றால் மல்டிமீட்டரை வைத்து ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள். கழற்றுவதானால் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மெதுவாக. பழைய பிளக் பாதியில் முறிந்தால் ஹெட்டையே இறக்க நேரலாம்.

ஆயிலும் காற்றும்

ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிட்டது, போலி ஆயில் என்று வருந்துபவர்கள் உண்டு. டீசல் ஆயில் கறுக்கத்தான் வேண்டும். கரியைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நிறத்தைவிட அளவைக் கவனியுங்கள். சமதளத்தில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. குறைந்தால் கவலைப்படும் நாம், ஏறினால் மகிழ்ந்துவிடுகிறோம். நாம் ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறது என்றால் அதில் டீசலோ கூலன்ட்டோ கலக்கிறது என்று பொருள்.

"இருக்கட்டும்" என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவதும் ஆபத்து. மிகுந்த ஆயில் காற்றுப்பாதைக்குள் போனால் டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு ஓடும். சாவியை எடுத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, பெரிய கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். காற்றுக் குழாயைக் கையால் மூடப் போகாதீர்கள்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கினால் சிறிது தூரம் போனதும் ஆயில் முழுதும் சாலையில் கொட்டும். வடித்த ஆயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். நம் நிலத்தில் கிணறு ஊறுவதே அரிது. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் கொடுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பஞ்சர் கடைக் காற்றில் ஊதுவது எல்லோரும் செய்வது. அந்த வேகத்தில் காகிதம் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. பென்னாகரம் பக்கம் மண்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தக் கிழிசல் போதும், தூசி நேரே டர்போ இறக்கையையும் சிலிண்டரையும் தேய்க்கும். கெட்டதை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதும் வேண்டாம். மின்னழுத்தம் எகிறி இன்ஜின் கணினியே போகலாம். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால், இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பிரேக், இறக்கம், பெல்ட்

பிரேக் ஆயில் மெதுவாகக் குறைந்தால் பெரும்பாலும் பேட் தேய்ந்திருக்கிறது. நிரப்பிவிட்டு மறந்தால் அந்தச் செய்தியை நாமே அழித்துவிடுகிறோம். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் தொடர் பிரேக்கின் சூட்டில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சாக இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூரில் இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், அதைவிட மோசமாக இன்ஜினை அணைப்பதும் அங்கே நடக்கிறது. டீசல் காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை ஒரு தனிப் பம்ப் உண்டாக்குகிறது. இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். பல பழைய வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கிறது. அதாவது கீச்சிடும் ஃபேன் பெல்ட்டுக்குச் சோப்பைத் தேய்த்துச் சத்தத்தை அடக்கியவர், தன் பிரேக்கின் சத்தத்தை அடக்கியிருக்கிறார். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் வேறு. அது மூடிக்குள் இருக்கும், சத்தமும் போடாது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜின் முடிந்துவிடும். உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் முதிரும். பழைய வண்டி வாங்கும்போது "மாற்றிவிட்டேன்" என்று சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாட்டர் பம்ப்பையும் சேர்த்து, அந்த வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.