பழைய ரூட்டரை வாங்கியதும் நேராக நெட் ஒயரில் மாட்டாதீர்கள்

பர்மா பஜாரிலோ மூர் மார்க்கெட் பக்கமோ பழைய ரூட்டர் ஒன்றை மலிவாக வாங்கி வருகிறோம். வந்ததும் வீட்டு நெட் ஒயரை அதில் செருகி, போனில் வீடியோ ஓடுகிறதா என்று பார்க்கிறோம். ஓடவில்லை என்றால் ரூட்டர் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். தண்டையார்பேட்டையில் என் அத்தை வீட்டில் அப்படித்தான் நல்ல ரூட்டர் ஒன்று காயலான் கடைக்குப் போக இருந்தது. முன்பு வைத்திருந்தவர் அதில் டிஹெச்சிபியை, அதாவது போனுக்கும் லேப்டாப்புக்கும் ரூட்டர் தானாக முகவரி தரும் வசதியை, அணைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காமல் போன் திணறிக்கொண்டிருந்தது.

முதலில் அடாப்டர். சில ரூட்டர் 9 வோல்ட், சில 12 வோல்ட். செருகும் முனை ஒன்றாக இருப்பதால் எதையும் செருகிவிடலாம்; 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் எரிந்தே போகலாம். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஆம்பியர் குறைந்தால் விளக்கு எரியும், ஆனால் ரூட்டர் அடிக்கடி அணைந்து அணைந்து எழும்.

ஒயர் செருகும் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோரத்தில் வருஷக்கணக்கில் இருந்த பெட்டி என்றால், உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருக்கலாம். அந்தத் துளை சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு போன் ஒயர் போடும் சின்னத் துளை மட்டும் இருந்தால் அது போன் ஒயர் வழியே நெட் எடுக்கும் பழைய டிஎஸ்எல் மோடம். ஃபைபர் இணைப்புக்கு உதவாது.

அடுத்து ரீசெட். பவர் போட்டு ஒரு நிமிஷம் விட்டு, ஊசியால் ரீசெட் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். இதைச் செய்யாமல் சோதித்தால், யாரோ எப்போதோ வைத்த அமைப்பைத்தான் சோதிக்கிறீர்கள்.

இப்போதும் நெட் வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, ரூட்டரின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளைக்கும் லேப்டாப்புக்கும் ஒயரைப் போட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கட்டளை கொடுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் ரூட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று அர்த்தம். 192.168 என்று வந்தால் சரி, கேட்வே என்று காட்டும் எண்தான் ரூட்டரின் முகவரி; அதற்கு பிங் (ping) செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று சின்னச் செய்தி அனுப்பிப் பாருங்கள். விண்டோஸ் நான்கு முறைதான் அனுப்பும், அது போதாது. கூடவே ‘மைனஸ் டி’ (-t) சேர்த்து ஐந்து நிமிஷம் ஓட விட்டு, ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள். பதில் விட்டு விட்டு வந்தால் முதலில் ஒயரை மாற்றுங்கள்.

இத்தனையும் தாண்டிய பிறகு வேன் (WAN, வெளியிலிருந்து வரும் நெட்டுக்கான) துளையில் நெட் ஒயர். இங்கே பலர் தடுக்கி விழுவது ஒரே முகவரியில். நெட் கொடுப்பவர் வைத்த ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, இந்த ரூட்டரும் 192.168.1.1 என்றால் இரண்டும் மோதும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் முகவரியை 192.168.5.1 என்று மாற்றுங்கள். அப்புறம் 8.8.8.8 என்ற எண்ணுக்கு, அதாவது இணையத்தில் உள்ள கூகுள் சர்வருக்கு, பிங் செய்யுங்கள். அதற்குப் பதில் வந்தும் இணையதளம் திறக்கவில்லை என்றால் கோளாறு தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்.

8.8.8.8-இலிருந்தே பதில் இல்லையா? நெட் கொடுப்பவர் நீங்கள் இதற்கு முன் வைத்திருந்த ரூட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பதிந்து வைத்திருக்கலாம். போன் செய்து மாற்றச் சொல்லுங்கள்.

போனில் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைக்க மறக்காதீர்கள். வைஃபை செத்துக் கிடந்தாலும் டேட்டாவில் வீடியோ ஓடி ஏமாற்றிவிடும். கடைசியாக, ஒரு ராத்திரி முழுக்க ரூட்டரை ஓட விடுங்கள். சூடாகி நின்றுபோகும் பெட்டி காலைக்குள் தெரிந்துவிடும். கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்ன நாளுக்குள் இதை முடித்துவிடுங்கள்.