நெதர்லாந்துக்குக் குடிவந்தவர்களின் முதல் ஒருநாள் பயணம்: கிண்டர்டைக்

நெதர்லாந்துக்கு வந்து சேரும் நம் குடும்பங்கள் பல, கிடைத்த முதல் விடுமுறையிலேயே பாரிஸுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ கிளம்பிவிடுகின்றன. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமையை நீங்கள் குடியிருக்கும் இந்த நாட்டுக்கு ஒதுக்குங்கள். எங்கே போவது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ரோட்டர்டாம் பக்கத்தில் பழைய காற்றாலைகள் நிற்கும் கிண்டர்டைக்தான். துலிப் தோட்டம் வசந்தத்தில் சில வாரங்கள் மட்டும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களை ஊரிலிருந்து விருந்தாளி வரும்போதெல்லாம் பார்க்கப்போகிறீர்கள். இந்த நாடு எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக் கிண்டர்டைக் மாதிரி இடம் கிடையாது.

நீங்கள் விமானத்தில் வந்து இறங்கிய ஸ்கிபோல் ஒரு காலத்தில் பெரிய ஏரி. நீராவி எந்திரங்களை வைத்துத் தண்ணீரை இறைத்து 1852இல் அதை வற்ற வைத்தார்கள். ஓடுபாதைகள் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 4 மீட்டர் கீழே கிடக்கின்றன. நாட்டின் மேற்குப் பகுதியில் பெருவாரியான நிலத்தின் கதை இதுதான். குடிவந்த கொஞ்ச நாளில் 'வாட்டர்ஸ்காப்' என்ற பெயரில் ஒரு வரிக் கடிதம் வீட்டுக்கு வரும். நகராட்சி வரி தனி, குடிநீர்க் கட்டணம் தனி, பிறகு இது என்ன என்று எல்லோரும் குழம்புகிறார்கள். கரைகளைக் காப்பது, வாய்க்கால்களில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது எல்லாம் அந்த நீர் வாரியத்தின் வேலை. நாட்டில் 21 வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. முறையான தங்கும் அனுமதியோடு இங்கே குடியிருந்தால் டச்சுக் குடியுரிமை இல்லாத நாமும் அதில் வாக்களிக்கலாம். கிண்டர்டைக்கைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கடிதம் எதற்கென்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

எங்கிருந்து கிளம்பினாலும் முதலில் ரயிலில் ரோட்டர்டாம் சென்ட்ரல் வந்துவிடுங்கள். டிக்கெட் பற்றிப் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: ஏறும்போது கார்டைத் தொட்டது போலவே இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். தனிப் பயண அட்டை இல்லாவிட்டாலும் காண்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டே போதும். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டைக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றித் தொட முடியாது. போனில் தொட்டு ஏறினால் போனிலேயே தொட்டு இறங்குங்கள். 4 வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது. 4 முதல் 11 வயது வரை சலுகை உண்டு, ரயில் நிறுவனமான என்எஸ்ஸின் செயலியில் பார்த்துவிடுங்கள். ஹேமா, க்ராட்வாட் மாதிரிக் கடைகளில் அவ்வப்போது மலிவு விலையில் ஒருநாள் ரயில் டிக்கெட் விற்பார்கள். அது கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள், குடும்பமாகப் போகும்போது நல்ல மிச்சம். பெட்டியின் கண்ணாடியில் 'ஸ்டில்ட்டே' என்று எழுதியிருந்தால் அது அமைதிப் பெட்டி. பிள்ளைகளோடு போகும் நமக்கு அது சரிப்படாது, அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள்.

வார இறுதிகளில் தண்டவாள வேலை நடப்பது இங்கே சகஜம். நடுவழியில் ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டிருப்பார்கள். அதனால் காலையில் கிளம்பும் முன் 9292 செயலியில் ஒரு தடவை பாருங்கள். ரயில், டிராம், படகு எல்லாவற்றையும் சேர்த்தே வழி சொல்லும்.

ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பாலத்தடியிலிருந்து வாட்டர்பஸ் படகு கிளம்புகிறது. பேருந்தில் போனாலும் கிண்டர்டைக் வரும், ஆனால் குழந்தைகள் இருந்தால் படகுதான். ரோட்டர்டாமின் நடுப்பகுதி 1940 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்துபோய்ப் புதிதாகக் கட்டப்பட்டது. அந்த உயரக் கட்டடங்களும் வழியிலுள்ள கப்பல் பட்டறைகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போய், பச்சை வயல் தொடங்கும் இடத்தில் இறங்குகிறீர்கள். கோடைக்காலத்தில் நேரடிப் படகு கிடைக்கும். மற்ற மாதங்களில் வழியில் மாற வேண்டியிருக்கும்.

இறங்கியதும் காற்றாலைகளை நோக்கி ஓடிவிடாதீர்கள். முதலில் கரைமேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் லேக் ஆறு. மறுபக்கம் வாய்க்கால்கள், அவற்றையும் விடத் தாழ்ந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம். ஆற்று நீரைவிடத் தாழ்வான இடத்தில் மாடு மேய்வதைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு விஷயம் பாதி விளங்கிவிடும். நம் பக்கத்தில் ஏற்றம் வைத்து வயலுக்குள் தண்ணீர் இறைத்தார்கள், இவர்கள் வயலிலிருந்து வெளியே இறைத்தார்கள். இங்கே மொத்தம் 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டியவை. தாழ்ந்த வாய்க்காலின் நீரைக் காற்றாலைச் சக்கரம் அள்ளி மேட்டு வாய்க்காலில் விடும். ஆற்றில் நீர் இறங்கும்போது மதகைத் திறந்து அங்கிருந்து ஆற்றுக்கு அனுப்புவார்கள். சதுப்பு மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க எடுக்க நிலம் இன்னும் அமுங்கும், அதனால் மறுபடி இறைத்தாக வேண்டும். இந்த வேலைக்கு முடிவே கிடையாது. இப்போது அதைச் செய்வது நுழைவாயிலுக்கு அருகிலுள்ள இறைப்பு நிலையம். ராட்சதத் திருகு ஒன்று சுழன்று சுழன்று தண்ணீரை மேலே ஏற்றுவதை அங்கே பார்க்கலாம். காற்றாலைகளை 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வாய்க்கால் ஓரப் பாதையில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கி அருங்காட்சியகக் காற்றாலைக்குள் ஒருமுறையாவது ஏறுங்கள். படிக்கட்டு ஏணி மாதிரிச் செங்குத்தாக இருக்கும், கைக்குழந்தையை ஒருவர் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே அலமாரிக்குள் படுக்கை, மேலே மரப் பற்சக்கரங்கள், ஒரு குடும்பம் மொத்தமும் புழங்கிய குறுகலான அறை. காற்று அடிக்கும் நாளில் இறக்கை ஒவ்வொரு முறையும் தரையைத் தொடுவது போல இறங்கி 'விஷ்' என்று மேலே போகும். வேலிக்கு உள்ளே பிள்ளைகளை விடவே விடாதீர்கள். மற்ற காற்றாலைகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கொடியில் துணி காய்வதைப் பார்க்கலாம், அது அவர்கள் வீடு, எட்டிப் பார்க்க வேண்டாம். இறக்கைகள் நிற்கும் நிலைக்கும் அர்த்தம் இருக்கிறது. மேலே உள்ள இறக்கை உச்சியைத் தொடும் முன்பே நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சி, உச்சியைத் தாண்டி நிறுத்தியிருந்தால் துக்கம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. 1421ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வடிந்த பிறகு ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். தொட்டில் சாய்ந்துவிடாமல் ஒரு பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தாவிச் சமன்செய்ததாம். உள்ளே குழந்தை பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். வெறும் கதைதான், ஆனால் நடந்து களைத்த பிள்ளையை இன்னும் ஒரு காற்றாலை வரை நடக்க வைக்கும்.

நடைபாதையில் சைக்கிள்களும் வேகமாக வரும், கூட்டமாகப் பரவி நடக்காதீர்கள். இங்கே குடை உதவாது, காற்று திருப்பிவிடும். எல்லோருக்கும் மழைக்கோட்டு வாங்கிவிடுங்கள், இந்த ஊரில் அது தினமும் பயன்படும் செலவு. பாயன்ராடார் செயலி அடுத்த இரண்டு மணி நேரத்து மழையைக் காட்டும், அதை வைத்து நடையை முன்பின் மாற்றிக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு என்று இங்கே கிடைப்பது பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொண்டால் போதும்.

பள்ளி நாளில் லீவு போட்டுக் கூட்டிப்போகலாம் என்று நினைக்க வேண்டாம். 5 வயதிலிருந்து பள்ளி கட்டாயம், அனுமதி இல்லாமல் நிறுத்தினால் அபராதம் வரை போகும். வார இறுதியும் பள்ளி விடுமுறையும்தான் நமக்கு.

இந்தப் பயணம் பிடித்துவிட்டால் அடுத்தது லைடன். அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் எகிப்து அன்பளிப்பாகக் கொடுத்த கோயிலே முழுதாக நிற்கிறது. நமக்கு அந்த ஊரோடு இன்னொரு உறவும் உண்டு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையளித்ததைச் சொல்லும் செப்பேடுகள் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் அவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்று பெயர் வந்தது. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்கு அங்கே சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் என்றால் ஸீலாந்தில் ஆவர்கெர்க் ஊரிலுள்ள வெள்ள அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1953 பிப்ரவரி முதல் நாள் அதிகாலையில் கடல் கரைகளை உடைத்து இந்நாட்டில் 1836 பேரைக் கொண்டுபோனது. உடைப்பை அடைக்க இறக்கிய கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ரயில் இல்லை, கார் வாங்கிய பிறகு போவது சுலபம்.