நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபடுகிறது? திருச்சபை உதவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்குப் பிறகு தத்தளித்தது கடலே இல்லாத நம் சேலம், கிருஷ்ணகிரி பக்கம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படி ஒரு மழை வந்தால் சபைகளில் ஒரே வாரத்தில் அரிசி மூட்டையும் போர்வையும் குவிந்துவிடும். லுத்தரன் சபைகளுக்கு இது புதிதும் இல்லை. கிருஷ்ணகிரி சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1895இல், அங்கே ஊழியம் தொடங்கிய மிசூரி சினட் என்ற அமெரிக்க லுத்தரன் சபையின் மிஷனரிகளின் வழியில்தான் பின்னாளில் ஆம்பூர் பெதஸ்தா ஆஸ்பத்திரி வந்தது. 2004 சுனாமியின்போது தரங்கம்பாடி, நாகப்பட்டினம் கரையில் லுத்தரன் சபையார் நிவாரண வேலையில் இறங்கினார்கள்.

ஆக, நம்மிடம் மனசு இருக்கிறது, பொருளும் சேர்ந்துவிடுகிறது. கோட்டை விடுவது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலில்தான். யாரைக் கேட்டு எழுதினோம், என்ன கேட்டு எழுதினோம், எந்த இடத்தோடு நிறுத்தினோம் என்பதில் தவறு நடந்துவிட்டால், அப்புறம் எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் சேர வேண்டியவருக்குச் சேராது.

சபை அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் போடுவது முதல் தவறு. அது வசதியான வழி. பெயரும் முகவரியும் தயாராக இருக்கும். ஆனால் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரில் பெரும்பாலோர் எந்தச் சபைப் பதிவேட்டிலும் இல்லை. காப்பி எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இல்லை. சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யும் வடமாநிலத்துப் பையன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தொழிலாளர்கள் விஷயத்தில் ‘வீட்டுக்கு ஒரு பை’ என்ற கணக்கு பெரிய அநியாயம் செய்கிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆறு பேர் ஒரே அறையில் தங்கியிருப்பார்கள். ஒரு கதவு, ஒரு அடுப்பு. தன்னார்வலர் நோட்டில் ‘வீடு 1’ என்று எழுதிவிட்டு ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் அந்த ஆறு பேரும் ஆறு வெவ்வேறு குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள். மழையால் காப்பிப் பழம் பறிப்பு நின்றுபோனால், இழப்பு ஆறு குடும்பத்துக்கும்தான். அதனால் கதவை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். அவர்களில் சிலர் நம் சபையாராகவே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஜார்க்கண்டின் ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கோஸ்னர் லுத்தரன் திருச்சபை 1919இல் தன்னாட்சி பெற்றது. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதும் அதே ஆண்டில்தான்.

சரி, அவர்கள் பெயரை யாரிடம் கேட்பது? மேஸ்திரியிடம் மட்டும் கேட்டால் அவருக்கு வேண்டியவர்கள் பெயர்தான் வரும். சம்பளத்தில் தகராறு செய்தவன் பெயர் வராது. மலைக் கிராமத்தில் ஊர்ப் பெரியவரிடம் மட்டும் கேட்டாலும் இதே கதைதான். கணவனை இழந்து தனியாக இருக்கும் பெண்ணின் வீடு மகன் வீட்டோடு சேர்ந்துபோகும். எழுதிய பட்டியலை ஊர்க் கூட்டத்தில், பெண்களும் இருக்கும் நேரத்தில், சத்தமாக வாசியுங்கள். ‘இன்னும் யார் விட்டுப்போச்சு?’ என்று கேளுங்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து பெயர்கள் வரும். 1523இல் ஜெர்மனியின் லைஸ்னிக் ஊரில் ஏழைகளுக்காகச் சபை ஒரு பொதுப்பெட்டி வைத்தது. அதன் விதிமுறைக்கு முன்னுரை எழுதியவர், லுத்தரன் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லுத்தர். அந்தப் பெட்டிக்கு நான்கு பூட்டுகள், நான்கு சாவிகள். பிரபுக்களிடம் ஒன்று, நகர மன்றத்திடம் ஒன்று, நகரத்துச் சபையாரிடம் ஒன்று. நான்காவது சாவி சுற்றுவட்டக் கிராமத்து விவசாயிகளிடம் இருந்தது. அவர்கள் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே முடியாது. ஐந்நூறு வருடம் கழித்து நம் நிவாரணக் குழுவில் போதகர், பொருளாளர், சில மூப்பர்கள் மட்டும் இருந்தால் போதுமா? லைன் வீட்டிலிருந்து ஒருவர், மலைக் கிராமத்துச் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர் என்று சேர்த்துக்கொள்ளலாமே.

அடுத்தது, பட்டியலில் மதத்துக்கு ஒரு கட்டம் போடுவது. போடவே கூடாது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களை ஜெபம் முடியும்வரை காக்க வைப்பதும் வேண்டாம். பசியோடு நிற்பவருக்கு ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அந்த இடத்தில் இல்லை. உதவியை மத நோக்கத்துக்கோ அரசியல் நோக்கத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று 1994இல் செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு அமைப்புகளும் ஒரு நடத்தை விதியை வகுத்தன. அதை உருவாக்கிய அமைப்புகளில் லுத்தரன் உலக சம்மேளனமும் ஒன்று. யாராவது தானாக வந்து ‘எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா’ என்று கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள். அது வேறு.

வேகத்தில் நடக்கும் ஒரு தவறு பலருக்குத் தெரிவதே இல்லை. மண் சரிந்து சுவர் விழுந்த வீட்டை, வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஒரே மதியத்தில் சுத்தமாக்கிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்போது, இடிந்ததற்கு அடையாளமே இருக்காது. அரசு நிவாரணத் தொகை அவர் எழுதும் சேத விவரத்தை வைத்துத்தான் கிடைக்கும். ஆகவே இடிபாட்டில் கை வைப்பதற்கு முன், நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள். படம் எடுக்க வேண்டியது சுவரைத்தான். போர்வை வாங்கும் அம்மாவின் முகத்தை எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காகிதங்கள் நனைந்து போயிருந்தால் முதலில் சாதிச் சான்றிதழைக் கவனியுங்கள். பழங்குடியினருக்கு அதைத் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். மலையிலிருந்து இறங்கி அலைய வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். கூடப் போய்வர ஒருவரும் பஸ் காசும் கிடைத்தால், இரண்டாவது போர்வையைவிட அது பெரிய உதவி.

வெளிமாநிலத் தொழிலாளரிடம் ‘உங்களுக்கு இங்கே ரேஷன் கிடையாது’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டையில் பெயர் இருந்தால் இங்கேயே தானியம் வாங்கலாம். கடைக்காரர் மறுத்தால் கூடப் போய்ப் பேசுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பழைய துணி பற்றி ஒரு வரி போதும்: உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் இவர்களுக்கும் வேண்டாம்.

இலங்கைத் தமிழர் முகாம்கள் சேலம் மாவட்டத்திலும் உண்டு. 2021இலிருந்து அரசு அவற்றை மறுவாழ்வு முகாம் என்கிறது. அங்கே போகிறவர்கள், நேற்றுதான் படகிலிருந்து இறங்கியவர்கள் போல அவர்களை நடத்திவிடுகிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் வரத் தொடங்கியவர்கள் அவர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த ஒரு தலைமுறை இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. பட்டம் வாங்கிய பெண் குடியுரிமைக் காகிதம் கேட்கும் வேலைக்குப் போக முடியாமல் நிற்கும்போது, கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டு வருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், சட்ட ஆலோசனை, சபையாரின் நிறுவனங்களில் ஒரு வேலை என்று அவர்களிடமே கேட்டுச் செய்யலாம். முகாமுக்குள் போக வருவாய்த்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

வண்டி நிற்கும் இடத்தோடு பட்டியலும் நின்றுவிடுவதையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக்கு ஏறும் அடிவாரம் வழியில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். சாலையோரக் கிராமங்களுக்கு நான்கு அமைப்புகள் கொடுத்திருக்கும், உள்ளே நடந்து போக வேண்டிய ஊருக்கு ஒன்றுமே போயிருக்காது. கிளம்பும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் அழைத்து, எந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்று கேளுங்கள். கொண்டு போவதில் பாதியை ஒரு மாதம் கழித்துப் போவதற்கென்று ஒதுக்கி வையுங்கள். கடன் கொடுத்தவர்கள் வந்து நிற்பது அப்போதுதான்.

கடைசியாகப் பணம். வெளிநாட்டு லுத்தரன் நண்பர்கள் உதவ முன்வந்தால், போதகரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவான அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்புதான் அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. உள்ளூர்க் காணிக்கையாக இருந்தாலும் வரவு செலவை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உதவி பெற்றவர்களில் பலர் ஆலயத்துக்கு வருகிறவர்கள் இல்லை. அதனால் பெயர்கள் இல்லாத ஒரு நகலை, லைன் வீட்டுப் பக்கத்து டீக்கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள், இந்தியிலும் நான்கு வரி எழுதி.