இளம் கால்பந்து வீரர் எதை வெற்றி என்று எண்ணுகிறார்: பயிற்சியாளர் அறியும் வழி

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பிப்பவர், ஊக்கப்படுத்தத் தொடங்கும் முன், அவர்கள் எதை வெற்றியாகக் கருதுகிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். ஆட்டம் முடிந்த சூட்டோடு கேட்டால் கோல் கணக்குதான் பதிலாக வரும், ஆகவே பயிற்சி நாளொன்றில், தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "நன்றாக ஆடினோம் என்று உனக்கு எப்போது தோன்றும்?" என்று மட்டும் கேட்டு, பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாரையும்விட நான்தான் அதிகக் கோல் போட்டேன்" என்பது பிறரோடு ஒப்பிட்டுப் பெறும் நிறைவு. "இடது காலாலும் பந்தை நிறுத்த வந்துவிட்டது" என்பது தன் பழைய ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பெறும் நிறைவு. உளவியலாளர் ஜான் நிக்கோல்ஸ் 1980களில் விளக்கிய இந்த வேறுபாட்டை அளக்க, அவரும் விளையாட்டு உளவியலாளர் ஜோன் டூடாவும் 13 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினர். ஒன்று ஏறினால் மற்றது இறங்க இவை தராசுத் தட்டுகள் அல்ல. இரண்டுமே ஓங்கிய சிறுவர்களும் உண்டு. எனவே, போட்டியுணர்வையே குறையாகக் கண்டிக்கும் பயிற்சியாளர்களை நான் ஏற்பதில்லை. முதல் வகை நிறைவு மட்டுமே அறிந்த சிறுவனைத்தான் கவனிக்க வேண்டும்: தன்னைவிட வேகமான ஒருவன் அணியில் சேர்ந்ததும் முழங்கால் வலிக்கிறது என்று அவன் ஒதுங்கக்கூடும், ஏனெனில் முயன்று தோற்பதைவிட முயலாமல் இருப்பது மானத்தைக் காப்பாற்றும்.

அவனிடம் "மனம் தளராதே" என்று சொல்லிப் பயனில்லை. நீங்கள் எதைக் கணக்கெடுக்கிறீர்கள் என்பதை மாற்றுங்கள். மூன்றுக்கு மூன்று ஆட்டம் வைத்து, பந்து வருமுன் அவன் எத்தனை முறை பின்னால் திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ணி, சென்ற வாரக் கணக்கை அருகில் வைத்து அவனுக்கே காட்டுங்கள். பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று ஆளைப் புகழாமல், "எதிராளி வருவதைப் பார்த்துப் பந்தை வெளிப்பக்கம் தள்ளினாய்" என்று செயலைச் சொல்லுங்கள். ஜெர்மனியிலும் 2024-25 பருவம் முதல் மிகச் சிறிய வயதினர் புள்ளிப்பட்டியல் இல்லாமல் சிறு களங்களில்தான் ஆடுகிறார்கள்.

பெற்றோரிடமும் பேசியாக வேண்டும். கோலுக்கு இருபது ரூபாய் என்று தந்தை விலை வைத்தால், எதிராளி யாரும் மறிக்காமல் நிற்கும் தோழனுக்குப் பாஸ் கொடுக்க எந்தச் சிறுவனுக்கும் கால் வராது.

ஆறு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டுப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். பதில் மாறவில்லையென்றால், அடுத்த ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று நீங்கள் கத்துவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள்.